தத்துவ போதகர் மீது சுமத்தப்பட்ட பழி

சில மாதங்களுக்கு முன் ஒரு பங்கின் ஆண்டு விழாவையொட்டி நடந்த கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். தமிழகத்துத் திருச்சபையின் வரலாற்றைப் பேச வந்த அன்பர் நல்ல நாவன்மை உடையவர். இராபர்ட் தெ நொபிலி அடிகளாரைப் பற்றி மூன்றே வாக்கியங்கள் பேசினார். "பறங்கியாக இருந்துகொண்டே பறங்கியல்ல என்று பொய் சொன்னார். தம் குலம் பிரமனிடமிருந்து வந்தது என்று போலிப் பட்டயம் காட்டினார். அதுவும் போதாமல் ஒரு போலி வேதத்தையே எழுதினார்." அவையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த நூற்றாண்டுக்குப் போய்விட்டார்.

சிரித்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அன்று காலைப் பூசையில் நற்கருணை வாங்கியவர்கள். 'பூசை' என்கிற அந்தச் சொல்லையே, மீசா என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் இடத்தில் வைத்து நமக்குத் தந்த மனிதரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதை எண்ணியபோது எனக்கு மனம் சுருக்கென்றது.

அடிகளாரின் பெயரைக் காப்பது மட்டும் என் நோக்கமாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அவர் 1656ஆம் ஆண்டிலேயே மயிலாப்பூரில் கண்மூடிவிட்டார். மனிதர் தீர்ப்பு அவரை இனி என்ன செய்யும்? ஆனால் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லும்போது ஏமாந்தவர் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அவர் பொய்யர் என்றால், அவர் சொல்லைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற மதுரைத் தமிழர் அறிவிலிகள் என்றாகிறது. பட்டயம் ஒன்றைக் கண்டவுடன் தலையாட்டிய கூட்டத்தின் வழிவந்தவர்கள் நாம் என்றாகிறது. பழி அவரோடு நிற்கவில்லை. நம் பாட்டன், பூட்டன் தலையிலும் விழுகிறது.

அந்த முன்னோர் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்? அடிகளார் 1606இல் மதுரை வந்து சேர்ந்தார். அங்கே முதலில் அவரிடம் வந்து திருமுழுக்குப் பெற்றவர் ஒரு பள்ளி ஆசிரியர், சைவர். வந்தவுடன் வணங்கி நின்றவரல்லர் அவர். இருபது நாள், நாளொன்றுக்கு நாலைந்து மணி நேரம் எதிரே அமர்ந்து வாதிட்டார். படைப்பைப் பற்றிக் கேட்டார்; மறுபிறப்பை விட்டுக்கொடுக்காமல் போராடினார். ஐயம் தீர்ந்த பிறகே ஆல்பர்ட் என்னும் பெயரை ஏற்றார். அவரைப் போன்றவர்களைப் போலி ஓலை ஒன்றால் மடக்கிவிடலாம் என்று நம்புகிறவர் மதுரையை அறியாதவர்.

போலி வேதக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் அதுவே ஊரெல்லாம் சுற்றி வந்த கதை. 'எசூர் வேதம்' என்றொரு நூல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. புதுச்சேரி வழியாகப் பிரான்சு சென்ற ஒரு படைத் தலைவர் 1760ஆம் ஆண்டு அதன் கையெழுத்துப் படியை வால்தேரிடம் கொடுத்தார். வால்தேருக்கு அளவிலா மகிழ்ச்சி. விவிலியத்துக்கு மூத்த ஞானம் இந்தியாவில் இருந்ததற்கு இதுவே சான்று என்று திருச்சபைக்கு எதிராக அதைத் தூக்கிப் பிடித்தார். அலெக்சாந்தர் காலத்துக்கும் முற்பட்டது என்று எழுதினார். 1761இல் பாரிசிலுள்ள அரச நூலகத்துக்கும் அனுப்பிவைத்தார். நூல் 1778இல் அச்சேறியது. நான்கே ஆண்டில், 1782இல், இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய சொன்னரா என்பவர் இது வேதமே அன்று, மறைபரப்பாளர் ஒருவர் எழுதியது என்று உடைத்தார். கிறிஸ்தவத்தை வீழ்த்த வால்தேர் எடுத்த ஆயுதம் ஒரு கிறிஸ்தவக் குரு எழுதிய நூலாகப் போயிற்று! வரலாற்றில் இவ்வளவு சுவையான நகைச்சுவை அடிக்கடி வாய்ப்பதில்லை.

ஆனால் எந்த மறைபரப்பாளர்? இங்கேதான் நொபிலியின் பெயர் இழுக்கப்படுகிறது. இழுத்தவரும் பகைவர் அல்லர். திருக்குறளில் தோய்ந்து தம் பெயரை எல்லீசன் என்றே எழுதிக்கொண்ட பிரான்சிசு எல்லிசு, புதுச்சேரியில் இந்நூலோடு இதைப் போன்ற வேறு சுவடிகளையும் கண்டார். இவை தத்துவ போதகசுவாமி செய்தவை என்று அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் சொல்லக் கேட்டார், கேட்டதை எழுதிவைத்தார். அவர் 1819இல் இறந்த பிறகு, 1822இல், கட்டுரை வெளிவந்தது. செவிவழிச் செய்தி அச்சில் ஏறிவிட்டால் அதற்கு எவ்வளவு வலிமை வந்துவிடுகிறது என்பதைப் பாருங்கள். புதுச்சேரிக் கிறிஸ்தவர்கள் பெருமைக்காகச் சொன்னது அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் கையில் குற்றச்சாட்டாக மாறிற்று. வீட்டுக்குள் நாம் பேசும் வெற்றுப் பெருமையே வெளியே நமக்கெதிரான சாட்சியாவது இன்றும் நடப்பதுதானே!

இனி நூலையே கேட்போம். எசூர் வேதத்தில் உரையாடும் இருவரில் ஒருவர் வியாசர். அவருடைய பெயர் அதில் 'பியாச்' என்று எழுதப்பட்டிருக்கிறது. மற்றவரான சுமந்துவோ 'சுமொந்து' ஆகிறார். வகரத்தைப் பகரமாகவும், அகரத்தை ஒகரத்தின் சாயலிலும் ஒலிப்பது வங்கத்து நாக்கு. நூலிலுள்ள வடசொற்கள் வங்கம், ஒரிசாப் பக்கத்து ஒலிப்பிலே அமைந்திருப்பதை எல்லிசே தம் கட்டுரையில் குறித்திருக்கிறார். மதுரையில் வடமொழி கற்றவர், தமிழும் தெலுங்கும் கேட்டு வாழ்ந்தவர், வியாசரைப் பியாச் என்று எழுதுவாரா? இன்னொன்றும் உண்டு. இது வடமொழியிலிருந்து பெயர்த்ததன்று, தொடக்கத்திலேயே பிரெஞ்சில் எழுதப்பட்டது, அதுவும் 18ஆம் நூற்றாண்டில், என்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூடோ ரோச்சர் 1984இல் ஒரு தனி நூலே எழுதி நிறுவினார். நொபிலியோ இத்தாலியர். பிரெஞ்சு இயேசு சபையார் புதுச்சேரியில் கால் ஊன்றியதே அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சென்ற பிறகு. கல்லறையில் கிடந்தவர் பிரெஞ்சு கற்றுக்கொண்டு எழுதினார் என்று சொன்னாலொழிய இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. கத்தோலிக்கரல்லாத மாக்சு முல்லரே 1861இல், இதை நொபிலியின் தலையில் கட்ட ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார். நம் மேடைகளுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

போலிப் பட்டயக் கதை மோசைம் என்னும் செருமானிய லூத்தரன் வரலாற்றாசிரியரால் பரவியது. நொபிலி இறந்த பிறகு பிறந்தவர் அவர். இந்தியாவைக் கண்டவர் அல்லர். உரோமைப் பிராமணர் இந்தியப் பிராமணரிலும் மூத்தவர், இயேசு சபையார் பிரமனின் நேர் வழித்தோன்றல்கள் என்று பழைய எழுத்தில் ஓர் ஆவணத்தை நொபிலி புனைந்தார் என்பது அவர் சொல்லும் செய்தி. அந்த ஆவணத்தைக் கண்ட ஒருவருமில்லை. அதன் படியும் எங்கும் இல்லை.

இந்த இடத்தில் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற குருவை நினைக்கவேண்டும். போர்வீரராக இருந்து இயேசு சபையில் சேர்ந்த போர்த்துக்கீசியர். நொபிலிக்கு முன்பே மதுரையில் பல்லாண்டு உழைத்தவர். கெட்டவரல்லர், நேர்மையானவர், பிடிவாதக்காரர். நொபிலியின் குடுமி, பூணூல், சந்தனம், நீராடல், தனிக் கோவில் அனைத்தையும் ஒன்றுவிடாமல் குறித்து 1610இல் மேலிடத்துக்கு முறையிட்டார். அந்த முறையீட்டால் உறவினரான கர்தினால் பெல்லார்மினே முதலில் நொபிலியைக் கடிந்து எழுதினார்; விளக்கம் கிடைத்த பின்னரே மனம் மாறினார். கோவாவில் 1619இல் கூடிய மாநாட்டில் பேராயர் கிறிஸ்தோவாவ் தெ சா எதிராக நின்றார்; கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசு ரோஸ் துணை நின்றார். பதின்மூன்று ஆண்டுகள் ஒரு மனிதரின் உடையையும் உணவையும் நெற்றியையும் துருவி ஆராய்ந்தார்கள். ஒரே ஊரில் இருந்து அவரைக் கண்காணித்த பெர்னாந்தஸ், சந்தனத்தை எழுதியவர், பிரமன் பட்டயத்தை எழுதாமல் விட்டிருப்பாரா? அவர் கண்ணில் படாத ஓலை மோசைம் கண்ணில் எப்படிப் பட்டது? இறுதியில் பாப்பிறை பதினைந்தாம் கிரகோரியார் 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடுத்த ஆணை, மூடவழக்கம் கலவாதபடி அந்த அடையாளங்களை அனுமதித்தது. பிற்காலத்தில் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார்ச் சடங்குகளைத் தடைசெய்ததைக் காட்டி, "உரோமையே நொபிலியைக் கண்டித்தது" என்பாரும் உண்டு. அந்த ஆணை தடுத்தது அந்நாளில் நிலவிய சடங்குகளை. நொபிலியைப் பொய்யர் என்று அது சொல்லவில்லை.

இனிப் பறங்கி என்ற சொல். "நான் பறங்கியல்லன்; பறங்கியர் நாட்டில் பிறந்தவனும் அல்லன்; உரோமையில் அரசர்க்கு நிகரான குடியில் பிறந்தேன்" என்ற கருத்தில் அடிகளார் ஓலை எழுதித் தம் வாயிலில் வைத்தது உண்மை. அக்கால மதுரையில் பறங்கி என்றால் போர்த்துக்கீசியரும் அவர்களைச் சேர்ந்தவர்களும். மாட்டிறைச்சி, மது, குளியாமை எல்லாம் அச்சொல்லுக்குள் அடக்கம். கிறிஸ்தவராக விரும்பி வந்தவரிடம் "பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா?" என்று பெர்னாந்தஸ் கேட்பது வழக்கம். கிறிஸ்துவை ஏற்பது ஓர் ஐரோப்பிய நாட்டாரின் குலத்தில் புகுவது என்றாகிவிட்டது. நொபிலி போர்த்துக்கீசியரல்லர், பாப்பிறை மூன்றாம் ஜூலியுசின் உறவுக் குடும்பத்தவர். ஓலையில் எழுதியது மெய். கிறிஸ்தவனல்லன் என்று அவர் ஒருநாளும் எழுதவில்லை. அவர் பூணூலில் சிலுவை தொங்கியது. அதன் மூன்று பொன்னிழைகளும் இரண்டு வெள்ளியிழைகளும் எவற்றைக் குறித்தன என்பதை அவர் ஒளிக்கவில்லை.

ஆயினும் என் மனச்சாட்சி ஓரிடத்தில் நிற்கிறது. அந்த ஓலை மெய்தான். ஆனால் அது காயப்படுத்திய மெய். அவருக்கு அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சிலுவையை ஏற்று, அதற்காக அடியும் உதையும் பட்ட முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் இருந்தார்கள். மதுரையில் பெர்னாந்தஸின் கோவிலுக்கு வந்துபோனவர்களுள் அவர்களும் உண்டு. "நான் இவர்களைச் சேர்ந்தவனல்லன்" என்ற ஒலி அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! அந்த மக்களின் வழிவந்தோர் இன்றும் அதைக் கசப்போடு சொன்னால் அவர்களோடு நான் வாதாட மாட்டேன். அதுபோலவே, சாதியை வெறும் உலக வழக்கு, பூணூல் பட்டம் போன்றதொரு சின்னம் என்று அவர் கொண்டார். அது தவறான கணிப்பு. எளியோரை இகழவேண்டாம் என்று 1623ஆம் ஆண்டு ஆணையே உயர்குலத்தாருக்கு எச்சரித்தது, 1640 முதல் எளிய மக்களுக்கெனப் பண்டாரசாமிகள் ஏற்பட்டார்கள், இவையெல்லாம் உண்மை. ஆனால் பிரித்து வைத்துச் செய்த அன்பு பிரிவினையையும் காத்துவிட்டது. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கென நின்ற சுவர் 1910ஆம் ஆண்டில்தான் இடிந்தது. நொபிலி அதைக் கட்டவில்லை. அது அவருக்கு இருநூறு ஆண்டுகள் பிந்தியது. ஆனால் அதைக் கட்டியவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொள்ள இடமிருந்தது.

ஆகவே அவரைச் சாதிக்காகக் கண்டிக்க விரும்புவோர் கண்டிக்கட்டும். அது நேரான வழக்கு. அவர் எழுதியவற்றையே முன்வைத்துப் பேசலாம். எதிர்த்தரப்பில் நானும் வந்து அமர்வேன், பல இடங்களில் தலைகுனிவேன். தலித் கிறிஸ்தவர் கேட்கும் அந்தக் கேள்வி பொய்யான பட்டயத்தால் வலுப்பெறாது. மெய்யான வழக்கோடு பொய்யான சாட்சியைச் சேர்த்தால் வழக்கே சந்தேகத்துக்கு ஆளாகும். செய்த பிழைக்கு விடை சொல்லும் கடமை செத்தவருக்கும் உண்டு. செய்யாத களவுக்கு விடை சொல்லும் கடமை யாருக்கும் இல்லை.

இழந்துபோன வேதத்தைக் கொண்டுவந்தேன் என்று அவர் சொன்னாரே, அது வஞ்சகமில்லையா என்றும் ஒருவர் கேட்டார். ஏதென்சு நகரத்தில் 'அறியாத தெய்வத்துக்கு' என்று எழுதிய பீடத்தைச் சுட்டி, நீங்கள் அறியாமல் வணங்குவதையே அறிவிக்கிறேன் என்று பவுலடிகள் பேசியதைத் திருத்தூதர் பணிகள் பதினேழாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பவுலைப் போலிக்காரர் என்று அழைக்க எவரும் துணியவில்லை. நொபிலியின் பேச்சு இன்னும் துணிச்சலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; நான் அவர் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர் வேதம் என்று நீட்டியது புனைந்த சுவடியை அன்று, நற்செய்தியை.

இத்தனைக்கும் அவரே எழுதிய தமிழ் நூல்கள் நம் கையில் உள்ளன. இயேசு சபைத் தந்தை ச. இராசமாணிக்கம் 1960களில் அவற்றைத் தேடித் தொகுத்துத் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தின் வழியே அச்சிட்டார். ஞானோபதேசம் உண்டு, ஆத்தும நிர்ணயம் உண்டு, தம் மறைமீது சுமத்திய பழிகளுக்கு விடையாக எழுதிய தூஷண திக்காரமும் உண்டு. வடமொழி நெடுக விரவிய நடைதான். வாசிக்கப் பொறுமை வேண்டும். எதிரி என்ன சொல்கிறான் என்பதை முதலில் எழுதி, அதன் பிறகு விடையளிக்கும் முறையை அதில் காணலாம். முதுமையில் பார்வை மங்கிப்போய், மயிலாப்பூருக்கு வெளியே ஒரு குடிசையில், சீடர்களுக்கு வாயால் சொல்லி எழுதுவித்த மனிதர் அவர். அச்சிட்ட நூல்களைப் புரட்டாமல் அச்சிடாத பட்டயத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

கருத்தரங்கு முடிந்ததும் அந்த அன்பரைச் சந்தித்து, பட்டயத்தை எந்த நூலில் கண்டீர்கள் ஐயா என்று பணிவாகக் கேட்டேன். எங்கோ படித்ததாகச் சொன்னார். தேடிச் சொல்வதாக முகவரி வாங்கிக்கொண்டார். இதை எழுதும் நாள்வரை கடிதம் வரவில்லை. என்னிடமிருந்த தூஷண திக்காரத்தை அவருக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.