வாரிசு வேறு, நியமனதாரர் வேறு

புதுதில்லியின் சாணக்யபுரியைப் பிறர் சார்பில் செயற்படுவோருக்கென்றே அமைந்த நகர்ப்பகுதி எனலாம். சாந்தி பாதையின் இருபுறமும் அயல்நாட்டுத் தூதரகங்கள் வரிசையாக நிற்கின்றன. காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் தூதருக்குத் தனிப்பெயர் உண்டு. இலங்கைத் தமிழில் அவர் உயர்ஸ்தானிகர். தமிழ்நாடு இல்லமும் இப்பகுதியில்தான் உள்ளது. அதன் தலைமை அலுவலர் உள்ளுறை ஆணையர். இப்பெயர்களை எவரும் மாற்றி வழங்குவதில்லை. பெயர் மாறினால் அதிகாரத்தின் எல்லையும் மாறும் என்பதை அனைவரும் அறிவர்.

இப்பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியர், அர்த்தசாஸ்திரத்தில் தூதரை மூவகையாகப் பிரிக்கிறார். முதல்வகைத் தூதர் முழு அதிகாரம் பெற்றவர். இரண்டாம் வகையினர் வரையறுத்த பணிக்கு மட்டும் உரியவர். மூன்றாம் வகையினர் ஓலையைக் கொண்டுசேர்ப்பதோடு நிற்பவர். திருக்குறளின் 69ஆம் அதிகாரமாகிய ‘தூது’க்கு உரை வகுத்த பரிமேலழகரும், தாமே வகுத்துப் பேசுவோர், சொல்லியனுப்பியதை மட்டும் சொல்வோர் என்று பிரித்துக் காட்டுகிறார். ஒருவர் நமக்காக வருகிறார் என்பது மட்டும் போதாது, எதுவரை வருகிறார் என்பதும் தெரியவேண்டும் என்பதே இருவரும் உணர்த்தும் கருத்து.

தமிழிலும் இவ்வேறுபாட்டைக் காட்டும் சொற்களுக்குக் குறைவில்லை. முகவர் தம்மை அமர்த்தியவருக்காகக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார். அறங்காவலர் பொருளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தாலும், அதன் பயனுக்கு உரியவர் வேறொருவர். துபாஷி இருமொழி அறிந்து வணிகத்திற்கு இடைநின்றவர். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு இன்றும் வரலாற்று ஆவணமாகப் போற்றப்படுகிறது. இன்று வழக்குரைஞரைக் குறிக்கும் ‘வக்கீல்’ என்னும் சொல், ஒருகாலத்தில் அரசவைகளுக்கு அனுப்பப்பட்ட பிரதிநிதிகளையும் குறித்தது.

இத்தனைச் சொற்கள் இருந்தும், வங்கியின் கருமபீடத்துக்கு முன் வரும்போது அவற்றை நாம் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறோம். அக்குழப்பத்தின் விலையைப் பெரும்பாலும் குடும்பங்களே கொடுக்கின்றன.

முதலாவது, மக்கள் ‘பவர்’ என்று சுருக்கமாகச் சொல்லும் அதிகாரப் பத்திரம். ஊரிலிருக்கும் முதிய பெற்றோரின் கணக்கை இயக்கத் தொலைவில் வாழும் பிள்ளைகள் இதனைப் பெறுகின்றனர். பத்திரம் பெற்றவர் முகவரேயன்றி உரிமையாளர் அல்லர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, அதிகாரம் அளித்தவர் இறந்தாலோ மனநலம் குன்றினாலோ, பொதுவிதியாக முகவரின் அதிகாரமும் முடிவுறுகிறது. தந்தை மறைந்த மறுநாள் அவர் கணக்கிலிருந்து மகன் ‘பவர்’ கொண்டு பணம் எடுப்பது, நோக்கம் ஈமச்செலவாகவே இருப்பினும், இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகும். முதுமறதி முற்றிய பெற்றோர் நிலையும் இதுவே. பத்திரம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்தை நாட வேண்டிவரும்.

தில்லிவாசிகளுக்கு இப்பாடம் புதிதன்று. இந்நகரில் எத்தனையோ வீடுகள் கிரயப் பத்திரமின்றி, பொது அதிகாரப் பத்திரத்தைக் கொண்டே கைமாறின. அவ்வாறு வாங்கியதால் உரிமை மாறிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும் என 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முகவர் என்ற சொல்லை உரிமையாளர் என்று பலர் படித்ததன் விளைவு அது.

இரண்டாவது, இன்னும் பரவலான குழப்பம், நியமனதாரரைப் பற்றியது. ‘நாமினேஷன்’ என்பதைப் பேச்சிலும் எழுத்திலும் ‘வாரிசு நியமனம்’ என்றே பலர் வழங்குகின்றனர். இத்தொடரே பிழையின் தோற்றுவாய் என்பது என் கருத்து. வாரிசை வங்கிப் படிவம் நியமிப்பதில்லை. வாரிசுரிமைச் சட்டமோ உயிலோதான் தீர்மானிக்கிறது. வைப்பாளர் மறைந்தபின் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் தகுதி மட்டுமே நியமனதாரருக்கு உண்டு. ஆயுள் காப்பீடு குறித்து 1984இலும், வங்கி வைப்பு குறித்து 2010இலும் உச்ச நீதிமன்றம் இதனையே உறுதிசெய்தது.

எடுத்துக்காட்டாக, திருமணத்திற்கு முன் கணக்குத் தொடங்கியபோது தம்பியின் பெயரை எழுதிய ஒருவர், பின்னர் அதனை மாற்றாமலே மறைந்துவிடுகிறார் எனக் கொள்வோம். வங்கி பணத்தைத் தம்பியிடம் கொடுக்கும். அத்துடன் அதன் பொறுப்பு முடிவடையும். தம்பியோ ‘வாரிசு’ என்ற சொல்லை நம்பி அப்பணம் தனக்கே உரியது என்கிறார். உயில் ஏதும் இல்லாத நிலையில், சட்டப்படி உரிய மனைவியும் மக்களும் வழக்குமன்றம் ஏறவேண்டியிருக்கிறது. அங்கே தம்பியின் பேராசையைவிட ஒரு தவறான சொல்லே பெரிய குற்றவாளியாக இருக்கக்கூடும்.

‘பெயரில் என்ன இருக்கிறது, பணம் தாமதமின்றிக் கிடைத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். நியமனத்தின் பயனே அந்த விரைவுதான், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் விரைவாகப் பெறுவது வேறு, உரிமையுடன் வைத்துக்கொள்வது வேறு.

2025 நவம்பர் 1 முதல், வைப்புக் கணக்குக்கு நால்வர்வரை நியமிக்கலாம். விரும்பினால் ஒவ்வொருவருக்கும் விழுக்காட்டையும் குறிக்கலாம். வரவேற்கத்தக்க வசதி இது. எனினும், விழுக்காடு எழுதும்போது உயிலே எழுதிவிட்டோம் என்ற எண்ணம் எழக்கூடும். அது உயிலாகாது.

ஆகவே வங்கிகளாகிய நாங்கள், தமிழ்ப் படிவங்களிலும் பேச்சிலும் ‘வாரிசு நியமனம்’ என்ற தொடரைக் கைவிட வேண்டும். ‘பெற்று ஒப்படைப்பவர்’ என்ற விளக்கத்தை நியமனதாரர் என்ற சொல்லின் அருகிலேயே அச்சிடுவது நன்று. வாடிக்கையாளர்களுக்கும் சில கடமைகள் உண்டு: திருமணம், மகப்பேறு, மறைவு என ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நியமனத்தைச் சரிபார்த்தல், இயன்றவரை உயிலும் நியமனமும் ஒத்திருக்கச் செய்தல், ‘பவர்’ அளிக்கும்போது எவ்வெவ்பணிக்கு, எவ்வளவு தொகைவரை என்று எழுதுதல்.

அயல்நாட்டுத் தூதர் குடியரசுத் தலைவரிடம் தம் நாட்டின் நியமனப் பத்திரத்தைக் கொடுத்த பின்னரே முறைப்படி ஏற்கப்படுகிறார். ஒரு நாடே தன் சார்பில் வருபவர் யார் என்பதை எழுத்தில் தெளிவாக்குகிறது. நம் வாழ்நாள் சேமிப்புக்கும் அத்தெளிவு தேவை. உங்கள் படிவத்தில் எழுதியிருப்பது யார் பெயர் என்று பாருங்கள். அவர் எதற்கு உரியவர், எதற்கு உரியவர் அல்லர் என்பதை இப்போதே அவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லிவிடுங்கள்.