கனமானது மூழ்குமாம்!

ஐப்பசி பிறந்தால் முடிச்சூர்ப் பக்கம் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். வாசலில் மணல் மூட்டை அடுக்குவார்கள். குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போடுவார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வருடா வருடம் செய்யும் அதே பிரசங்கத்தைத் தொடங்குவார். "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். இதுதான் சயின்ஸ். அதனால சின்னக் காரை வித்துட்டுக் கனமான வண்டியா வாங்குங்க, வெள்ளத்துல அசையாது. முடியாதவங்க டிக்கியில மணல் மூட்டை போடுங்க. மழைக்கு முன்னாடி தரைக்கு அடியில இருக்கிற தண்ணிச் சம்ப்பைக் காலி பண்ணிக் கழுவி வைங்க. காங்கிரீட்டு, அது எங்க போகப் போகுது?" கைதட்டல். அப்புறம் டீ.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எதிர்த்துப் பேசினால் டீ கிடைக்காது என்பதால் எழுத்தில் வைக்கிறேன்.

கனமானது மூழ்கும் என்பதை மறுக்க ஒரு வரி போதும். சுண்டுவிரல் நீள ஆணி தண்ணீரில் மூழ்குகிறது. பல்லாயிரம் டன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது.

"கப்பல் வேற, கார் வேற" என்பார். தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அவ்வளவு தண்ணீரின் எடைக்குச் சமமான விசையோடு தண்ணீர் அதை மேலே தள்ளும். ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சொன்னது. அது பாடப்புத்தகத்துக்கு மட்டும்தான் என்று பெரியவர் ஒருமுறை முடிவே கட்டினார். கிணற்றில் தண்ணீர் சேந்திய எந்தப் பாட்டியையும் கேட்டிருக்கலாம். நிறைகுடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கனக்காது. மேலே வந்த பிறகுதான் கை வலிக்கும்.

இப்போது அந்தக் கனமான வண்டிக்கு வருவோம். சின்னக் கார் ஒன்று 850 கிலோ என்று வையுங்கள். நீளம் மூன்றரை மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். அது மிதக்க 850 லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் போதும். அதன் பரப்புக்கு, அடித்தகட்டுக்கு மேலே 16 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினால் அந்தக் கணக்கு முடிந்தது. பெரியவர் சிபாரிசு செய்யும் இரண்டரை டன் வண்டியோ 4.8 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம். கனம் மட்டுமா கூடியது? தண்ணீரை ஒதுக்கும் பரப்பும் கூடிவிட்டது. அதற்கு வேண்டியது 27 சென்டிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு இவ்வளவுதான். பெரிய வண்டியின் அடித்தகடு தரையிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். பெரியவர் அதைச் சொல்லவில்லை. அவருக்காக நான் வாதாடப் போவதும் இல்லை.

கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி, ரப்பர் பட்டை இறுகப் பூட்டிய புதுக் கார் உள்ளே தண்ணீர் புகும்வரை படகேதான். முழுதாக மிதக்கும்வரை அது காத்திருப்பதும் இல்லை. ஒன்றரை டன் காரில் ஒரு டன்னைத் தண்ணீர் தாங்கிக்கொண்டால், டயர் தரையை அழுத்துவது அரை டன் மட்டும்தான். பிடிப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் வண்டி ஓட்டுநர் சொல்வதைக் கேட்காது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தால் பெரும்பாலான கார்களையும், இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டிகளையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறை பல காலமாக எச்சரித்து வருகிறது.

அமெரிக்கா எதற்கு? 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் முங்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றிலிருந்து கார்கள் வரிசையாக மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர்களில் யாரும் ஆர்க்கிமிடீஸைப் படித்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அந்த வெள்ளங்களிலேயே பெரியவர் பார்த்திருக்க வேண்டிய இன்னொரு காட்சி உண்டு. நூறு கிலோ ஸ்கூட்டர் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே சாய்ந்து சேற்றில் படுத்துக் கிடக்கும். பதினைந்து மடங்கு கனமான கார் தெருமுனைக்குப் போயிருக்கும். ஸ்கூட்டருக்குள் காற்று அடைக்க இடம் ஏது? அது ஒதுக்கும் தண்ணீர் சொற்பம். லேசானது மிதக்கும் என்றால் எங்கள் தெரு ஸ்கூட்டர்கள் எல்லாம் அடையாற்றில் அல்லவா கிடந்திருக்க வேண்டும்?

டிக்கியில் மணல் மூட்டையா? ஐம்பது கிலோ மூட்டை நாலு போட்டாலும் கார் கிளம்ப இன்னும் மூன்று, நாலு சென்டிமீட்டர் தண்ணீர் கூடுதலாக வேண்டும். மூட்டை தூக்கின முதுகுவலிதான் மிச்சம்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். சம்ப் விஷயத்தை விட முடியாது.

மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம் உள்ள சம்ப். 12,000 லிட்டர் பிடிக்கும். சுவர், அடித்தளம், மேல்மூடி எல்லாம் 15 சென்டிமீட்டர் காங்கிரீட். இந்தக் காங்கிரீட் மொத்தம் ஏறக்குறைய 13½ டன் எடை வரும். "பார்த்தீங்களா, 13 டன்!" என்பார் பெரியவர். சரி. வெளி அளவில் அதே சம்ப் நிலத்துக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் இடம் 17 கன மீட்டருக்கு மேல். மழை பெய்து, ஏரி நிரம்பி, நிலத்தடி நீர் சம்ப்பின் மேல்மூடி வரைக்கும் ஏறிவிட்டால், கீழிருந்து தள்ளும் விசை 17 டன்னுக்கு மேல். காலிச் சம்ப்புக்கு நாலு டன் குறைகிறது. அந்தக் குறையை, சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும், மேலே போட்டிருக்கும் கார் நிறுத்தத் தரையும் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டவில்லை என்றால் தரை வெடிக்கும், குழாய் இணைப்பு முறியும், சம்ப் ஒரு பக்கமாகத் தலைதூக்கும். பிளாஸ்டிக் தொட்டியைப் புதைத்து வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அதற்குச் சொந்த எடையே கிடையாது.

பாதியளவு தண்ணீர் இருந்தால்கூட 6 டன் சேர்ந்துவிடும், சம்ப் அசையாது. ஆனால் பெரியவர் என்ன சொல்கிறார்? வருடத்திலேயே நிலத்தடி நீர் மேலே ஏறும் மாதங்கள் வருவதற்குச் சற்று முன்னால், சம்ப்பைச் சொட்டு விடாமல் காலி செய்யச் சொல்கிறார். கட்டுமானப் பொறியாளர்கள் அடித்தளம் போடும்போது தண்ணீர் இறைக்கும் பம்ப்பை அவசரப்பட்டு நிறுத்தாமல் இருப்பது இந்தப் பயத்தால்தான். கட்டடத்தின் கனம் மேலே ஏறும்வரை காத்திருப்பார்கள்.

காங்கிரீட் மிதக்காது என்கிறவர்களுக்கு இன்னொன்று. 1848-லேயே பிரான்சில் லாம்போ என்பவர் கம்பிவலையும் சிமெண்டும் கொண்டு படகு கட்டினார். 1944-இல் நார்மண்டியில் தற்காலிகத் துறைமுகம் அமைக்க, பெரியவை சுமார் 6,000 டன் எடையுள்ள காங்கிரீட் பெட்டிகளை இங்கிலீஷ் கால்வாய் வழியாக மிதக்கவிட்டு இழுத்துப் போனார்கள். எங்கள் தெரு சம்ப் அதைவிடக் கனமானதா?

வெள்ளம் வடிந்தபின் சாக்கடை கலந்த சம்ப்பைக் கழுவத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் இறங்கட்டும். இறங்கும்வரை லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவையுங்கள்.

"இத்தனை வருஷமா எங்க சம்ப் ஒண்ணும் மேல வரலையே" என்று பெரியவர் கடைசியாக ஒரு போடு போடுவார். வரவில்லைதான். கூட்டத்தில் கைதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சம்ப்பைக் காலி செய்யவே இல்லை.