கேட்கிறார்கள், உள்ளதைச் சொல்லலாமா?

கல்லூரியில் பயிலும் நம் அக்காமாரிடம் இப்போதெல்லாம் ஒரு வினாப்படிவத்தை நிரப்பித் தரச் சொல்கின்றனர். படிப்பு எப்படி இருக்கிறது, மனநிறைவு உண்டா என்பவையே அதிலுள்ள கேள்விகள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் மூலக்குளத்திலிருந்து பேருந்து ஏறி நாமும் வில்லியனூருக்கோ புதுவைக்கோ கல்லூரி செல்லவிருக்கிறோம். அந்தப் படிவம் நம் கைக்கும் வரும்.

1994இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, கல்லூரிகளை மதிப்பிடும் முறையை 2017இல் மாற்றியமைத்தது. அப்போது மாணவர் மனநிறைவுக் கணிப்பு என்ற ஒன்றும் புகுத்தப்பட்டது. பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடிக்கப்பட்டது, ஆசிரியர் ஆயத்தமாக வந்தாரா, உள்மதிப்பெண் நேர்மையாக வழங்கப்பட்டதா என்பன போன்ற 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். இருபத்தொன்றாவது கேள்விக்கு மட்டும் மாணவியே தன் சொற்களில் மூன்று யோசனைகள் எழுதலாம். படிவம் மாணவியின் மின்னஞ்சலுக்கே நேராகச் சென்றது. கல்லூரிக்குரிய 1000 மதிப்பெண்களில் 50 இதற்கென ஒதுக்கப்பட்டன. மாணவியின் சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு என்றானது நல்ல மாற்றமே.

ஆயினும் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. மதிப்பெண் உண்டு என்றதும், "எல்லாவற்றிற்கும் மிக நன்று என்றே குறித்துவிடுங்கள், கல்லூரிக்கு நற்பெயர் கிடைக்கும்" என்று சொல்லித் தருவோரும் இருக்கின்றனர் எனக் கேள்விப்படுகிறோம். பெண்பிள்ளைகளாகிய நாமோ, பெரியோரைக் குறை கூறலாகாது என்று கேட்டே வளர்ந்தவர்கள். யாரும் சொல்லித் தராவிட்டாலும் நம் கை தானாகவே 'மிக நன்று' என்ற கட்டத்திற்குத்தான் போகும்! காய்ச்சலோடு மருத்துவரிடம் சென்று, "நலமாயிருக்கிறேன்" என்று சொல்லித் திரும்புவது பணிவாகுமா?

மனநிறைவு உண்டா என்று கேட்பதே போதாது என்பதும் எங்கள் எண்ணம். கடைசி இருக்கையில் ஆண்டு முழுவதும் வாய் திறவாமல் அமர்ந்திருப்பவளும் "மனநிறைவே" என்று எழுதக்கூடும். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கணிப்பு வேறு வழியில் செல்கின்றது. வகுப்பில் எத்தனை முறை கேள்வி கேட்டாய், ஆசிரியரோடு உன் எதிர்காலம் பற்றிப் பேசினாயா, படிக்க வாரத்தில் எத்தனை மணி நேரம் செலவிட்டாய் என்று செய்ததைக் கேட்கிறார்கள். புகழவும் வேண்டாம், குறை கூறவும் வேண்டாம். நடந்ததை எழுதினால் போதும். நம்மைப் போன்ற கூச்சமுள்ளவர்களுக்கு இதுவே எளிது.

மனநலத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் துணிவு வேண்டும். 2022இன் தொடக்கத்தில் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, நாடெங்கும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்ற 3,79,842 பேரிடம் கருத்துக் கேட்டது. பெயர் எழுதுவது அவரவர் விருப்பம் என்று விடப்பட்டது. கவலைக்குக் காரணமாக 50 விழுக்காட்டினர் படிப்பையும், 31 விழுக்காட்டினர் தேர்வையும் அதன் முடிவையும் குறித்தனர். பெற்றோர்களே, இந்தக் கணக்கில் உங்கள் மகளும் இருக்கக்கூடும். இரவு உணவின்போது "எத்தனை மார்க்?" என்று கேட்கும் நீங்கள், "இன்று எப்படி இருந்தாய்?" என்று அவளைக் கேட்டு எத்தனை நாளாயிற்று? பெயர் எழுத வேண்டியதில்லை என்றால் எழுதுகிறாள். எதிரே அமர்ந்து கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள்.

விடைத்தாள்கள் பிறகு என்னவாகின்றன? பெரும்பாலும் எண்களாகி, வட்டப் படங்களாகி, அறிக்கைக்குள் போய்விடுகின்றன. எழுதிக் கொடுத்தவளுக்கு ஒரு வரியும் திரும்பி வருவதில்லை. அடுத்த ஆண்டு அவள் அக்கறையின்றி நிரப்பினால் குற்றம் யாருடையது? முதல் மணி வகுப்பைப் பேருந்து விழுங்கிவிடுகிறது என்று பத்துப் பேர் எழுதினால், நேரத்தை மாற்ற இயலும் அல்லது இயலாது, காரணம் இன்னது என்றாவது அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே.

அருட்சகோதரியரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கல்லூரிவரை காத்திராமல், இவ்வாண்டே நம் பள்ளியிலும் பெயரில்லாத ஒரு தாள் தாருங்கள். பூட்டிய பெட்டியில் போடுகிறோம். ஒரு மாதத்திற்குள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விடைகளைப் படித்துச் சொல்லுங்கள், கசப்பானவற்றையும் சேர்த்துத்தான். கேள்விகள் எழுத மேல்வகுப்பினர் நாங்கள் உதவுவோம். 'இந்த வாரம் வகுப்பில் எத்தனை முறை ஐயம் கேட்டாய்?' என்பதையே முதல் கேள்வியாக வைக்கலாம் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.