பழைய டிரம்ஸுக்குப் புதிய பூச்சு வேண்டுமா?



மும்பையிலுள்ள ஒரு தமிழ்ச் சபையின் வாலிபர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர்களுடைய சபையில், 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட பிரீமியர் டிரம்ஸ் ஒன்று இருக்கிறது. ஹோட்டலில் வாசித்துவந்த ஓர் இசைக்குழு கலைந்தபோது, மூப்பர்கள் தங்கள் கூலியில் மிச்சம்பிடித்து அதை வாங்கி ஆராதனைக்குக் கொடுத்தார்களாம். அதன் வெண்முத்து நிற உறை இப்போது மஞ்சளித்து, ஓரங்களில் எழும்பி நிற்கிறது. ஆண்டுவிழாவுக்கு முன் உறையை உரித்துக் கறுப்பு பெயிண்ட் அடித்து, சபையின் பெயரை எழுத வாலிபர்கள் விரும்புகிறார்கள். மூப்பர்களோ அதைத் தொடவே கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று அவர் கேட்கிறார்.

முதலாவது பழுது, பிறகு அலங்காரம்

2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யோவாஸ் ராஜாவின் நாட்களில் ஆலயம் பழுதடைந்திருந்தது. மூடியில் துவாரமிட்ட பெட்டி ஒன்றில் ஜனங்களின் பணம் சேர்க்கப்பட்டு, தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்கப்பட்டது. வெள்ளிக் கிண்ணங்களுக்கோ எக்காளங்களுக்கோ அந்தப் பணம் செலவிடப்படவில்லை. வேலை முடிந்தபின் மீந்த பணத்திலேயே பணிமுட்டுகள் செய்யப்பட்டன என்று 2 நாளாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. இந்த ஒழுங்கு உங்கள் டிரம்ஸுக்கும் பொருந்தும்.

டிரம்மின் நாதம் பெரும்பாலும் பூச்சினால் வருவதல்ல. தோல், அது அமரும் மர விளிம்பு, மர உடலின் வட்டம், சுருதி கூட்டும் விதம் ஆகியவற்றாலேயே வருகிறது. ஆகவே தோல்களைக் கழற்றி, மர உடலைச் சமமான கண்ணாடிப் பலகையின்மேல் வைத்து, உள்ளே டார்ச் விளக்கை ஏற்றுங்கள். விளிம்பின் கீழ் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளமுண்டு. விளிம்பைச் சீவுவது தேர்ந்த கைக்கு மட்டுமே உரியது. சீவிய மரம் திரும்ப வராது. மும்பையின் மழைக்கால ஈரத்தில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். துருவேறிய திருகுகளைத் துடைத்து ஒரு துளி எண்ணெய் இடுங்கள்.

புதிய தோல் வாங்குமுன் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 1960களின் பிற்பகுதிக்கு முன் செய்யப்பட்ட பிரீமியர் டிரம்கள் பல, இன்றைய அளவைவிடச் சற்றே பெரியவை. இன்று கடையில் கிடைக்கும் தோல் அவற்றில் இறுகிப் பிடிக்கலாம், பொருந்தாமலும் போகலாம். பழைய உறையின்மேல் இன்னொரு உறையை ஒட்டினால் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

திரும்பி வராதது

மஞ்சளித்த உறையை, மென்மையான சோப்பு சில துளி கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். தின்னர் வேண்டாம், அது உறையைக் கரைத்துவிடும். அழுக்கு நீங்கும், வயதினால் வந்த மஞ்சள் நிறம் நீங்காது. எழும்பிய ஓரத்தைச் சிறிதளவு பசையால் ஒட்டலாம். அனல் காட்டி உறையை உரிக்க யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். அக்காலத்து முத்து உறைகளில் பல செல்லுலாய்டினால் ஆனவை, எளிதில் தீப்பற்றும்.

உறையை உரித்தால் நிறுவனத்தின் பெயர்த்தகட்டையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். மூல உறையுள்ள பழைய டிரம்ஸையே சேகரிப்போர் அதிக விலைக்குக் கேட்பார்கள். பெயிண்டை அடுத்த ஆண்டிலும் அடிக்கலாம். உரித்த உறையை ஒருநாளும் திரும்ப ஒட்ட முடியாது. ஆகையால் சந்தேகமிருக்கும்வரை உரிக்காதிருப்பதே ஞானம்.

ஆனாலும், முன்பே யாரோ உறையை மாற்றியிருந்தால், அல்லது அது பெரும்பகுதி நொறுங்கி மரம் ஈரத்தில் கெட்டுக்கொண்டிருந்தால், தயங்காமல் புதுப்பிக்கலாம். அப்போதும் முதலில் புகைப்படம் எடுத்து, பெயர்த்தகட்டையும் கழற்றிய ஒவ்வொரு திருகையும் பத்திரப்படுத்துங்கள்.

மூப்பர்களுக்கும் வாலிபர்களுக்கும்

வாலிபத் தம்பிமாரே, யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டினார். பிள்ளைகள் கேட்கும்போது தகப்பன்மார் பதில் சொல்வதற்காகவே அவை நாட்டப்பட்டன. அந்த டிரம்ஸிலுள்ள கீறல்களும் உங்கள் பெரியவர்கள் பிழைப்புத் தேடி வந்த ஊரில் தேவன் நடத்திய விதத்தைச் சொல்லுகின்றன. பெயிண்டினால் அவற்றை மூடுமுன் அந்தச் சாட்சியைக் கேட்டிருக்கிறீர்களா?

மூப்பர்களே, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா ராஜா ஏன் உடைத்துப்போட்டார் என்பதையும் நினைவுகூருங்கள். தேவன் கொடுத்த பொருளே ஜனங்கள் தூபங்காட்டும் பொருளாகிவிட்டது. டிரம்ஸ் ஆராதனைக்குரியது, ஆராதிக்கப்படுவதற்குரியதல்ல. அதைத் தொடக்கூடாது என்று சொல்லிப் பிள்ளைகளை அதனிடமிருந்து விலக்கினால், நீங்கள் வாங்கிக் கொடுத்த நோக்கமே வீணாகும்.

ஆகவே நமது ஆலோசனை இதுவே: இந்த ஆண்டுவிழாவுக்குப் பெயிண்ட் வேண்டாம். ஒரு சனிக்கிழமை இரு சாராரும் கூடி டிரம்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வாலிபர்கள் துடைக்கட்டும், மூப்பர்கள் வாங்கின கதையைச் சொல்லட்டும். சேர்த்த பணத்தில் முதலில் தோல்களையும் பழுதான பாகங்களையும் மாற்றுங்கள். ஆறு மாதம் வாசித்துப் பார்த்து, பின்பு போதகரோடு உட்கார்ந்து ஒருமனப்பட்டு முடிவெடுங்கள். சபையின் பெயரைத் தாங்க இடம் வேண்டுமானால், பேஸ் டிரம்மின் முன்தோலில் எழுதுங்கள். அதை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம்.

சமாதானத்தின் தேவன் உங்கள் சபையின் இரண்டு தலைமுறைகளையும் ஒரே தாளத்தில் நடத்துவாராக. ஆமென்.