ஒரு வோட்டுக்கு இரண்டு வேலை

சுரண்டைக் காய்கறி மார்க்கெட்டில் விடிகாலை நேரத்தில் பேசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது. எல்லாருடைய கண்ணும் தராசின் மேல்தான் இருக்கும். ஆனாலும், வெங்காயக் கமிஷன் கடை அண்ணாச்சி ஒருவர், எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு, ஒரு கேள்வியையும் தூக்கிப் போட்டார்.

"தம்பி, நீங்க பத்திரிகைக்காரர். ஒரு கணக்குக் கேக்குதேன், சொல்லுங்க. சுரண்டை பேரூராட்சியா இருந்தப்ப எனக்கு ரெண்டு வோட்டு. நகராட்சியா உசந்த பொறவு ஒரே வோட்டு. ஊரு பெருசாச்சு, வோட்டு எப்படிக் குறைஞ்சுது?"

கேட்டதும் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிசகே இல்லை.

2011-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வார்டு உறுப்பினருக்கு ஒரு வோட்டு, தலைவருக்கு ஒரு வோட்டு என்று ஜனங்கள் தனித்தனியே போட்டார்கள். அந்த மன்றங்களின் காலம் 2016-ல் முடிந்தது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் நகரங்களில் தேர்தலே இல்லை. அதிகாரிகள்தாம் நிர்வாகம் பார்த்தார்கள். இதற்கிடையே 2019-ல் தென்காசி தனி ஜில்லா ஆயிற்று. 2021-ல் சுரண்டை நகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரி 19-ந் தேதி வோட்டுப் பதிவு வந்தபோது, 27 வார்டுகளிலும் கவுன்சிலருக்கு மட்டுமே வோட்டு. மார்ச் 4-ந் தேதி அந்தக் கவுன்சிலர்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இது சுரண்டைக்கு மட்டும் நேர்ந்த விசேஷமல்ல. தமிழ்நாட்டில் இந்த முறை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. 1996-ல் நேரடித் தேர்தல். சென்னை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுத்த முதல் மேயராக மு.க.ஸ்டாலின் வந்தது அப்போதுதான். 2006-ல் மறைமுகத் தேர்தல். 2011-ல் மறுபடி நேரடி. 2016-ல் மேயர் தேர்தலை மறைமுகமாக்கச் சட்டம். 2018-ல் அதைத் திருப்பினார்கள். 2019 நவம்பரில் மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் எல்லாருக்குமே மறைமுகம் என்று அவசரச் சட்டம். இத்தனை தடவை மாற்றியவர்களில் யாராவது அண்ணாச்சியிடம் அபிப்பிராயம் கேட்டார்களா என்றால், இல்லை.

"முறை எதுவானால் என்ன? குழாயில் தண்ணீர் வந்தால் சரி" என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க வார்டுல ஒரு பையன் சுயேச்சையா நின்னான். சாக்கடை அடைச்சா ஆளுக்குக் காத்திருக்க மாட்டான், அவனே மண்வெட்டியை எடுத்துருவான். அவனுக்குப் போடத்தான் மனசு. ஆனா அவனுக்குப் போட்டா சேர்மன் பதவி யாரு கைக்குப் போவுமோன்னு பயந்து, சின்னத்தைப் பாத்துக் குத்திட்டு வந்துட்டேன். இன்னும் அவன் மூஞ்சியப் பாக்கக் கூச்சமாத்தான் இருக்கு."

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தெருவுக்கு நல்லவர் யார் என்பது ஒரு கேள்வி. ஊரை ஆளத் தக்கவர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே வோட்டால் பதில் சொல்லச் சொன்னால், முதல் கேள்வி தோற்றுப் போகிறது. அதோடு, தலைவரைத் தீர்மானிப்பவர்கள் இருபது முப்பது பேர்தான் என்றால், அவர்களில் நாலைந்து பேரை வளைத்தால் போதும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடை பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் உரியது. அரசியல் சட்டத்தின் அந்த அட்டவணையில் நகராட்சி மன்றம் இல்லை. 2022 மார்ச்சில் கூட்டணிக் கட்சிகளுக்கு என்று ஒதுக்கிய தலைவர் பதவிகளைச் சில ஊர்களில் ஆளுங்கட்சிக்காரர்களே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ராஜினாமா செய்யும்படி முதலமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்க்கட்சியும் பேசட்டும். ஜனங்கள் நேரே தேர்ந்தெடுத்த தலைவர் ஒரு கட்சி, கவுன்சிலர்களில் பெரும்பாலோர் வேறு கட்சி என்று அமைந்துவிட்டால், தீர்மானம் நிறைவேறாது. தெரு விளக்குக்குக்கூடச் சண்டை. இது மெய்யான சங்கடம்தான்.

பக்கத்து இலங்கையில் வேறொரு வழி பார்த்தார்கள். 2018 பிப்ரவரி 10-ந் தேதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், நூற்றுக்கு 60 இடம் வட்டாரத்துக்கு, 40 இடம் கட்சிப் பட்டியலுக்கு. வட்டாரத்தில் தோற்ற கட்சியின் வோட்டும் வீணாகாது. மொத்த வோட்டுக்கு ஏற்ப இடம் கிடைக்கும். நியாயமான ஏற்பாடு. ஆனால் முன்பு 4,000 சொச்சமாக இருந்த உறுப்பினர்கள் 8,000-க்கு மேல் பெருகிவிட்டார்கள். பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மையும் இல்லை. நோகாமல் நோன்பு கும்பிடும் முறை எங்கேயும் கிடையாது போலும்!

இந்தப் பேச்சு வந்தால் உத்திரமேரூரை இழுக்காமல் இருக்க முடியாது. 919, 921-ம் வருஷத்துச் சோழர் கல்வெட்டுகளில் குடவோலை முறை விவரமாக இருக்கிறது. 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நிலம் உள்ளவர்களுக்கு மட்டுமே இடம். ஸ்திரீகளுக்கு இல்லவே இல்லை. அதை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. முக்கியமாக, விதி கல்லில் இருந்தது. தேர்தலுக்கு முன்னால் அதை அழித்து எழுதுவது சுலபமல்ல.

நம் சட்டத்தைக் கல்லில் வெட்ட வேண்டாம். வார்டுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என்று இரண்டு வோட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். தேர்தலுக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள் முறையை மாற்றக் கூடாது என்றும் எழுதி வைக்கலாம். தலைவரும் மன்றமும் சண்டை போட்டுக்கொண்டால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். மூடிய அறைப் பேரத்தை ஊர் பார்க்க வழியில்லை.

விடைபெறும்போது, "இரண்டு வோட்டு வந்தால் என்ன செய்வீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஒண்ணு அந்தப் பையனுக்கு. இன்னொண்ணை யாருக்குன்னு உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, தராசுப் பக்கம் திரும்பிவிட்டார்.