ஏட்டில் மட்டும் சுரைக்காய் போதுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. பள்ளிக்கூடத்து வேலியிலேயே சுரைக்கொடியைப் படர விட்டால் அந்தப் பரிகாசத்துக்கு இடமேது? விழுப்புரம் ஜில்லாவிலுள்ள கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறோம். பாறையும் மானாவாரி நிலமும் மிகுந்த அந்தச் சீமையில், ஒரு குடம் தண்ணீரின் அருமையைக் குழந்தைகளுக்குப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு ஒரு பாத்திக் கீரை வளர்க்கும் வித்தையைப் போதிக்கலாம்.

இது நமக்குப் புதிதன்று. 1910-இல் மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சிறுவர்கள் எழுத்தும் கற்றார்கள், குழியும் வெட்டினார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்விக்கு வித்திட்டது.

ஆயினும் ஒன்றை மறப்பதற்கில்லை. 1953-இல் ராஜாஜி சர்க்கார் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றபோது, 'குலக் கல்வி' என்று கண்டனம் மூண்டது. 1954-இல் காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அன்றைய அச்சம் நியாயமானதே. ஒரு ஜாதிப் பிள்ளைக்கு மண்வெட்டி, மற்றொரு ஜாதிப் பிள்ளைக்குப் புத்தகம் என்றால் அது கல்வியாகாது. ஆகவே தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்து உழைக்க வேண்டும். உத்தியோகஸ்தர் மகனுக்கும் விலக்குக் கூடாது. களை பிடுங்குவதை ஒருபோதும் தண்டனையாக விதிக்கலாகாது.

விளைச்சலுக்குச் சந்தை தேட வேண்டியதுமில்லை. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பள்ளித் தோட்டக் காய்கறியை இந்த உணவில் சேர்க்கும்படி 2019-இல் மத்திய சர்க்காரும் வழிகாட்டியது.

ஆடிப்பட்டத்தில் வெண்டையும் கத்தரியும் விதைக்கலாம். முளைக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். பிள்ளைகள் கை கழுவும் நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் திருப்பலாம். ஊன்றிய விதையில் எத்தனை முளைத்தது என்று எண்ணுவதே கணக்குப் பாடமாகும். கோடை விடுமுறையில் நீர் வார்ப்பவர் இல்லாவிட்டால் எல்லாம் கருகிப்போகும். அப்பொறுப்பை ஊரார் ஏற்க வேண்டும்.

தான் வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கப் பிள்ளைக்கு எளிதில் மனம் வருமா? தாய்மார்களே! உங்கள் குழந்தை சட்டையில் மண்ணோடு வீடு திரும்பினால் கடிந்துகொள்ள வேண்டாம். அன்றைக்கு ஒரு பாடம் நன்றாகப் பதிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.