சர்வகலாசாலை ஆராய்ச்சி யார் சொத்து?

பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகளில் பி.ஏ. வரையில் சொல்லிக் கொடுத்தால் போதாதா, அதற்கு மேல் எம்.ஏ. என்றும், டாக்டர் பட்டம் என்றும், பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சி என்றும் ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று சிலர் கேட்கின்றார்கள். வரி கொடுப்பவன் இப்படிக் கேட்பது நியாயமேயாகும். இதற்குப் பதில் சொல்ல வாய்ச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. கனடா தேசத்து டொரண்டோ சர்வகலாசாலையில் நடந்த ஒரு காரியத்தைப் பார்த்தாலே போதும்.

1922-ம் வருஷத்திற்கு முன், குழந்தைகளுக்குக் கடுமையான நீரிழிவு கண்டால் முடிவு மரணந்தான். வைத்தியர்கள் செய்யக்கூடியதெல்லாம் பட்டினி போட்டுச் சாவைச் சில காலம் தள்ளி வைப்பதேயாகும். அப்படியிருக்க, 1920-ல் பாண்டிங் என்கின்ற ரண வைத்தியருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. யோசனை தோன்றினவுடன் நோய் ஓடிவிட்டதா? இல்லை. மக்லியோட் என்னும் பேராசிரியர் தமது ஆராய்ச்சிசாலையில் இடங்கொடுத்தார். அப்போதுதான் பி.ஏ. முடித்து மேற்படிப்பில் நுழையவிருந்த பெஸ்ட் என்னும் 22 வயது மாணாக்கர் கூட உழைத்தார். காலிப் என்னும் ரசாயனப் பேராசிரியர் மருந்தைச் சுத்தம் செய்தார்.

1922 ஜனவரி 11-ந் தேதி 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அம்மருந்தைக் குத்தினார்கள். பலிக்கவில்லை. மந்திரவாதியாயிருந்தால் "உன் தலைவிதி" என்று சொல்லித் தப்பித்துக் கொண்டிருப்பான். இவர்களோ மருந்தில் என்ன கோளாறு என்று தேடினார்கள். காலிப் சுத்தம் செய்த மருந்தை அம்மாதம் 23-ந் தேதி முதல் கொடுக்கவே, பையன் தேறினான். பின்னும் 13 வருஷம் உயிரோடிருந்தான். இன்சுலின் நீரிழிவை அடியோடு போக்குவதில்லை. ஆனால் அதோடு வாழச் செய்கின்றது.

சரி, கூலி யாருக்குப் போயிற்று? 1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியோடுக்கும் மாத்திரமே கிடைத்தது. மாணாக்கர் பெயர் அதில் இல்லை. பாண்டிங் தம் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியோட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். இது அவர்கள் பெருந்தன்மைதான். ஆனால், உழைத்தவனுக்குக் கிடைக்க வேண்டியது பெரியவர்கள் மனது வைத்தால் கிடைக்கும் என்றிருந்தால், அது உரிமையாகுமா, பிச்சையாகுமா?

பாண்டிங்கும் பெஸ்டும் காலிப்பும் தங்கள் பேடண்ட் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குச் சர்வகலாசாலைக்கே விற்று விட்டார்கள். அப்படியிருந்தும், பின்னால் கம்பெனிகள் புதுப்புது வகை இன்சுலினுக்குப் பேடண்ட் எடுத்து விலையை ஏற்றின. பக்கத்து தேசமாகிய அமெரிக்காவில், வயதானவர்களுக்கான சர்க்கார் இன்ஷூரன்ஸிலாவது மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாதென்று 2022-ல் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே, மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் பொதுப்பணம் தாராளமாய்க் கொடுக்கப்பட வேண்டியதுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். உழைக்கும் மாணாக்கனுக்கு வயிற்றுக்குச் சோறும், செய்த வேலைக்குப் பெயரும் சட்டப்படி இருக்க வேண்டும். விளைந்த பலன் ஏழைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும். விதைக்கப் பணம் கொடுப்பவன் ஒருவன், அறுத்துக் கொண்டு போகின்றவன் வேறொருவன் என்றால், அதற்குப் பெயர் கல்வியல்ல, கொள்ளையேயாகும்.